பலகையில் நாற்பத்தொன்று

பாகாயம் கல்லறையிலிருந்து திரும்பும்போதே
அறுபத்தாறு என்றான் சம்பங்கி.
தொண்ணூற்றொன்பது என்றான் தணிகைவேல்.
கைகால்கூடக் கழுவாமல்
டீக்கடை பெஞ்சில் முட்டிக்கொண்டார்கள்,
இருபது வயதில் முட்டிக்கொண்டதைப் போலவே.

செங்கல்பட்டு டீம் அன்றைக்கு
எத்தனையில் சுருண்டது என்பதுதான் வழக்கு.
எட்டு விக்கெட் ஏசுபாதம் எடுத்ததில்
யாருக்கும் சண்டையில்லை.

பாதம் என்றுதான் கூப்பிடுவோம்.
பேரைச் சுருக்கி அல்ல.
ஷூ வாங்கச் சொல்லி வசூலித்துக் கொடுத்த பணத்தில்
தங்கச்சி கம்மலை அடகிலிருந்து மீட்டுவிட்டு
வெறுங்காலோடு ஓடிவந்து போட்டவன்.
மே மாதம்.
கோட்டை மைதானம்.
கோழிகூட மிதிக்கத் தயங்கும் மண்.
பதினாலு எட்டு,
கடைசி எட்டில் ஒரு சின்னத் தாவல்.
இடது கையிலிருந்து பந்து கிளம்பியதைப்
பார்த்ததாகச் சொல்பவன் கீப்பர் முஸ்தாக் ஒருத்தன்தான்,
அதுவும் சில நாள்.

'வட ஆற்காடு' என்று நெஞ்சில் தைத்து
ஸ்வெட்டர் கொடுத்தார்கள்.
ஸ்வெட்டர்! வேலூரில்!
சிரித்தோம்.
அவன் மட்டும் நாள் முழுக்கக் கழற்றவில்லை.
முதுகெல்லாம் வேர்க்குரு.
இன்றைக்கு அந்தப் பேரில் மாவட்டமே கிடையாது.
இரண்டாக்கினார்கள், பிறகு ஒரு பாதியை மூன்றாக்கினார்கள்.
ராணிப்பேட்டை முஸ்தாக் இப்போது
வெளி மாவட்டத்திலிருந்து சாவுக்கு வந்தவன்.

ஒருமுறை தேர்வுக்கு மெட்ராஸ் போனான்.
நாலாம் நாள் முதல் ரயிலில்
காட்பாடியில் வந்து இறங்கினான்.
நாங்கள் கேட்கவில்லை.

அப்புறம் பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட்.
இருபத்தாறு வருஷம்.
வங்காளத்திலிருந்து, ஜார்கண்டிலிருந்து
எக்ஸ்ரே கவரை நெஞ்சோடு அணைத்து வருகிறவர்களை
மேலே ஏற்றினான், கீழே இறக்கினான்.
'பயப்படாதீங்க' என்பதை மட்டும்
நாலு பாஷையில் கற்றுக்கொண்டான்.
பொத்தானை ஒற்றை விரலால் அழுத்தமாட்டான்.
பந்தின் தையலைப் பிடித்த
அதே இரண்டு விரல், சேர்த்து.

ஸ்கோர் புக்கைக் கரையான் தின்றாகிவிட்டது.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
நான்தான் பலகைப் பையன்.
தகர எண்களை ஆணியில் மாட்டுகிறவன்;
மேட்சுக்கு ஒரு பன்னும் ஒரு கலரும் கூலி.
ஆறுகளை எவனோ எடுத்துப் போய்விட்டதால்
ஒன்பதுகளைத் தலைகீழாக மாட்டுவேன்.
ஆறு காணாமல் போவது
பாலாற்றங்கரைக்குப் புதுசா என்ன?

'சொல்றா. அன்னைக்கு நேராவா, தலைகீழாவா?'

டீ ஆறிப்போயிருந்தது.
முப்பத்தெட்டு வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.
நாற்பத்தொன்றுக்கு அப்புறம்
பலகையை நான் தொடவே இல்லை.
அவன் இரண்டாவது ஸ்பெல்லுக்கு வந்தான்.
கையில் தகரத்தோடு அப்படியே நின்றுவிட்டேன்.
ஸ்டம்ப்பைப் பிடுங்கினார்கள்,
மேட்டைச் சுருட்டி மாட்டுவண்டியில் போட்டார்கள்,
அப்போதும் நாற்பத்தொன்று.

சம்பங்கி ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான்.
அன்பாகத்தான்.

அப்போதுதான் எப்சிபா வந்தாள்,
சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி.
எதைக் கேட்டாளோ, எவ்வளவு கேட்டாளோ.
'அப்பா கிரிக்கெட் ஆடுவாரா?
டிவியில மேட்ச் போட்டா
எழுந்து வெளிய போயிடுவாரே.'
பிறகு, கொஞ்சம் தயங்கி,
'எப்படிப் போடுவாரு?'

மூன்று பேர் ஒன்றாக எழுந்தோம்.
சர்க்கரை, மூட்டுவலி, போன மாசம் வைத்த ஸ்டென்ட்.
சம்பங்கி காட்டியது பாதம் இல்லை.
தணிகைவேல் காட்டியதும் இல்லை.
என் கை தோளுக்கு மேலே போகவே இல்லை.
அவள் யாரையும் திருத்தவில்லை.
அவளுக்குத்தான் தெரியாதே.

முஸ்தாக் பேசாமல் செருப்பைக் கழற்றினான்.
ஸ்டம்புக்குப் பின்னால் குந்தியபடி
ஆறு வருஷம் அவனை எதிரே பார்த்தவன்.
எண்ணிக்கொண்டே ரோட்டுக்குக் குறுக்கே
பின்னோக்கிப் போனான்.
பன்னிரண்டு, பதிமூன்று, பதினாலு.
தொரப்பாடி பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது.
அது போகட்டும் என்று
அந்தப் பக்கம் நின்றான்,
இடது கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு.